இரு வாசல் கொண்ட கணினி

காயல்பட்டினத்துப் பழைய வீடுகளைக் கண்டவர்கள் அறிவர். தெருவைப் பார்த்த தலைவாசல் ஒன்றிருக்கும். பெண்கள் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டிற்குப் போய்வர முடுக்கின் பக்கம் இன்னொரு வாசல் இருக்கும். எவர் எவ்வழியே வருவர், எப்பண்டம் எவ்வழியே போகும் என்பதில் அவ்வீட்டாருக்கு ஒருபோதும் ஐயம் எழுவதில்லை. கணினிக்கு இரு வாசல் அமைந்துவிட்டாலோ இத்தெளிவு அதற்குத் தானாக வந்துவிடுவதில்லை. நாம்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இப்பொருளை எடுத்துக்கொள்ளக் காரணம் ஒரு வாசகச் சகோதரியின் கடிதம். வீட்டின் முன்னறையில் இரு கணினிகளையும் ஓர் அச்சுப்பொறியையும் கம்பியால் இணைத்து வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பங்களையும் கல்லூரி விண்ணப்பங்களையும் நிரப்பித் தருகிறார் அவர். ஒரு மாணவியின் விண்ணப்பத்திற்குக் கடைசி நாளன்று பிராட்பேண்ட் இணைப்பு அறுந்துவிட்டது. கைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் கணினியில் செருகி, அதன் இணையத்தைப் பயன்படுத்த முயன்றார். கைபேசி இணைந்துவிட்டதாகத் திரை கூறிற்று, பக்கமோ திறக்கவில்லை. ஈதர்நெட் கம்பியைப் பிடுங்கினார், பக்கம் திறந்தது. ஆனால் மாணவியின் சான்றிதழ்கள் மற்றக் கணினியில் கிடந்தன. அச்சுப்பொறியும் அக்கம்பிக்கு அப்பாலேயே இருந்தது. செருகுவதும் பிடுங்குவதுமாக இரவு பதினொன்றரை மணிவரை போராடி விண்ணப்பத்தை அனுப்பி முடித்தாராம்.

“இரண்டும் ஒருசேர இயங்க வழி உண்டா? அப்படி இயங்கினால், என்னை நம்பி ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளின் ஆதார் நகலும் வருமானச் சான்றும் வெளியார் கைக்குப் போய்விடாதா?” என்பன அவருடைய இரு வினாக்கள். முதல் வினாவினும் இரண்டாவது பெரிது. பிறர் நம்பி ஒப்படைத்தது அமானிதம் அல்லவா? ஆயினும் முதல் வினாவுக்கு விடை விளங்கினால்தான் இரண்டாவதற்குள் புகமுடியும்.

வழி உண்டு. அது பொறியியல் படித்தோருக்கே உரிய வித்தை என்று அஞ்சவும் வேண்டியதில்லை. கலைப்பாடம் படித்த எனக்கு விளங்கியது எவர்க்கும் விளங்கும்.

இது இன்று தோன்றிய இடர்ப்பாடும் அன்று. விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அதே மாதம் 24ஆம் நாள் விண்டோஸ் 95 வெளிவந்தது. அக்காலத்தில் இணையம் என்பது தொலைபேசிக் கம்பிவழியே வருவது. மோடம் என்னும் கருவி ஓர் எண்ணைச் சுழற்றும். மறுமுனையில் மற்றொரு மோடம் எடுக்கும். கீச்சென்றும் இரைந்தும் அவை இரண்டும் தம்முள் பேசி உடன்பட்டபின் இணைப்புக் கிட்டும். 1998இல் வந்த வி.90 என்ற தரத்தின்படி அதன் உச்ச வேகம் விநாடிக்கு 56 கிலோபிட். அதே அலுவலகத்தில் கணினிகளைத் தம்முள் இணைத்த ஈதர்நெட் கம்பியின் வேகமோ 10 மெகாபிட். அதாவது ஏறத்தாழ 180 மடங்கு. ஒரு மெகாபைட் அளவுள்ள கோப்பு தொலைபேசிவழி வர மூன்று நிமிடம் ஆகுமென்றால், கம்பிவழி ஓரிரு விநாடியில் வந்துவிடும். ஆகவே கோப்பும் அச்சும் கம்பியில், மின்னஞ்சலும் இணையமும் தொலைபேசியில் என ஒரே கணினிக்கு இரண்டும் தேவைப்பட்டன. மோடமும் நெட்வொர்க் கார்டும் ஒரே பெட்டிக்குள் குடியேறின.

குடியேறிய அன்றே சண்டையும் தொடங்கிற்று. அந்நாளில் மலிவாகக் கிடைத்த கார்டுகளுள் பெரும்பாலானவை என்.இ.2000 என்ற வகையைப் பின்பற்றியவை. கணினியின் மையச் செயலியை அழைப்பதற்கு ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அழைப்பெண் உண்டு. இக்கார்டுகள் 3 என்ற எண்ணோடு வந்தன. மோடம் அமரும் இரண்டாம் காம் வாயிலுக்கும் அதே எண்தான். ஒரே மணியை இருவர் அடித்தால் வீட்டார் யாரென்று கதவைத் திறப்பர்? மோடம் எண்ணைச் சுழற்றும்போது கார்டு மயங்கும். அல்லது கணினியே உறைந்து நிற்கும். கார்டை 5 அல்லது 10 என்ற எண்ணுக்கு மாற்றினால் அமைதி திரும்பும். இதை அறியாமல் நல்ல மோடத்தைப் பழுதென்று திருப்பித் தந்தவர் பலர்.

அச்சிக்கல் இன்று இல்லை. வழி தேரும் சிக்கல்தான் அன்றுபோலவே இன்றும் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

கணினி ஒவ்வொன்றுக்கும் ஐ.பி. முகவரி உண்டு, நான்கு எண்களால் ஆனது. உங்கள் கணினி 192.168.1.25 என்று கொள்வோம். அதனுடன் 255.255.255.0 என்றோர் எண்ணும் எழுதப்பட்டிருக்கும். இதன் பொருள், “முதல் மூன்று எண்கள் ஒத்திருந்தால் அவர் நம் தெருக்காரர், நேரே போய்க் கொடுத்துவிடு” என்பதே. அச்சுப்பொறி 192.168.1.40 என்றிருந்தால் கணினி யாரிடமும் கேளாமல் கம்பிவழி நேரே அனுப்பிவிடும். முகவரி வேறு தெருவுக்குரியதாயின்? அதற்கென்றே ‘டிஃபால்ட் கேட்வே’ என ஒரு முகவரி குறிக்கப்பட்டிருக்கும். வழி தெரியாத கடிதத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும் தபால் நிலையம் என்று அதைக் கருதலாம். வீட்டில் அது பெரும்பாலும் ரூட்டர் பெட்டி.

இவ்விதிகள் யாவும் கணினிக்குள் ஓர் அட்டவணையாக உள்ளன. விண்டோஸில் கட்டளைத் திரையைத் திறந்து ‘ரூட் பிரிண்ட்’ என ஆங்கிலத்தில் தட்டினால் அதைக் கண்ணால் காணலாம். 0.0.0.0 என்று தொடங்கும் வரிதான் தபால் நிலையத்தைச் சுட்டும் வரி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ‘மெட்ரிக்’ என்றோர் எண் இருக்கும். குறிப்பான முகவரி உள்ள வரியையே கணினி முதலில் மதிக்கும். ஒரே தரத்து வரிகள் இரண்டு இருந்தால், மெட்ரிக் எண் எதற்குச் சிறியதோ அதையே கொள்ளும். இவ்வொரு வாக்கியத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிது.

இப்போது இரு தபால் நிலையங்கள் உள்ளன என்று வையுங்கள்: கம்பிக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று. பழைய விண்டோஸ் என்ன செய்தது? தொலைபேசி இணைப்புக் கிட்டியவுடன் அதற்கு 1 என்ற எண்ணைக் கொடுத்து, கம்பியின் வரியை 2 என்று இறக்கிவைத்தது. இணையம் தொலைபேசிவழி சென்றது. ஒரே தெருவிலுள்ள கணினிகளும் தொடர்பில் இருந்தன. ஆனால் மாடியிலுள்ள கணக்குப் பிரிவு வேறு தெருவாக இருந்தால், அங்குப் போகவேண்டிய கடிதமும் தொலைபேசிவழி ஊர்சுற்றப் போய்விடும். மருந்து யாதெனில், அந்த மாடித்தெருவுக்கென்று அட்டவணையில் ஒரு தனிவரி எழுதிவைப்பதுதான். ‘ரூட் ஆட்’ என்ற கட்டளை அதற்குரியது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தொலைபேசி இணைப்பின் அமைப்பில், ‘மறுமுனையின் டிஃபால்ட் கேட்வேயைப் பயன்படுத்து’ என்றொரு கட்டம் இருக்கும். அதில் குறியை எடுத்துவிட்டால், தொலைபேசி இணைந்திருக்கும், மீட்டர் ஓடும், பக்கம் மட்டும் திறவாது. கம்பியின் தபால் நிலையத்திற்கே கடிதங்கள் போய்க்கொண்டிருக்கும். அங்கிருந்து வெளியேற வழி இராது. சகோதரிக்கு நேர்ந்தது வடிவத்தில் இதுவே. அவருடைய ரூட்டர் பெட்டி உயிரோடு விளக்கெரிந்து கொண்டிருந்தது; அதற்கப்பாலுள்ள இணைப்புத்தான் அறுந்திருந்தது. கணினியோ பெட்டி இருக்கிறது என்று நம்பிக் கடிதங்களை அதனிடமே கொடுத்துக்கொண்டிருந்தது.

கம்பியில் இணையமே இல்லாத, கோப்புப் பகிர்வுக்கு மட்டுமான இடங்களில் அந்நாளைய அறிஞர்கள் கையாண்ட முறை மிக எளியது. நெட்வொர்க் கார்டின் அமைப்பில் கேட்வே கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். வெளியேறும் வாசல் ஒன்றே என்றானபின் மயக்கத்திற்கு இடமேது?

இன்னொரு தொல்லையையும் சொல்லியாக வேண்டும். இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ‘எப்போதும் டயல் செய்’ என்று வைத்துவிட்டால், எவரேனும் ஒரு பக்கத்தை அழுத்தியவுடன் மோடம் தானாகவே எண்ணைச் சுழற்றும். வீட்டிலிருப்பதோ ஒரே தொலைபேசி. வளைகுடாவிலிருந்து வாப்பா வெள்ளிக்கிழமை அழைத்தால் ‘எங்கேஜ்ட்’ ஓசைதான் கேட்கும். மாதக் கடைசியில் கட்டணச் சீட்டைக் கண்டு உம்மா திகைப்பார். ‘ஒருபோதும் டயல் செய்யாதே’ என்று மாற்றிவிட்டு, வேண்டும்போது நாமே சுழற்றுவதுதான் குடும்பத்திற்கு ஏற்றது என்பது என் கருத்து. ‘பிராக்ஸி’ என்ற அமைப்பும் கம்பிக்கு வேறு, தொலைபேசிக்கு வேறு எனத் தனித்தனியே இருந்தது. ஒன்றில் எழுதியதை மற்றதிலும் எழுதினால் பக்கம் திறவாது.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம்.

இரு வாசல் கொண்ட கணினி வெறும் வீடு அன்று. இரு தெருக்கள் சந்திக்கும் முச்சந்தி. வெளியுலகிலிருந்து தொலைபேசிவழி ஒருவன் உள்ளே நுழைந்தால், அவன் நுழைந்தது ஒரு கணினிக்குள் மட்டுமன்று, கம்பியில் கோக்கப்பட்ட அத்தனை கணினிகளின் திண்ணையும் அவனுக்கு எட்டிவிடும். விண்டோஸ் 95, 98 காலத்தில் கோப்புப் பகிர்வு என்ற வசதி, கம்பி, தொலைபேசி இரண்டோடும் பிணைக்கப்படக்கூடியதாக இருந்தது. அலுவலகத் தோழருக்காகத் திறந்து வைத்த கோப்புறை, தொலைபேசி இணைப்பு இருக்கும்வரை உலகத்தாருக்கும் திறந்தே கிடந்தது. கடவுச்சொல்லும் பலர் வைப்பதில்லை. இதை அறிந்தவர்கள் இருவிதமாகக் காத்துக்கொண்டார்கள். நெட்வொர்க் அமைப்பில் டயல்-அப் அடாப்டருக்கு உரிய பிணைப்புகளில் கோப்புப் பகிர்வின் குறியை நீக்கிவிடுவது ஒன்று. மற்றது இன்னும் அழகியது: கம்பிக்குள் கோப்புப் பகிர்வுக்கு ‘நெட்பியூயி’ என்ற மொழியையும், இணையத்திற்கு மட்டும் டி.சி.பி./ஐ.பி. மொழியையும் வைத்துக்கொள்வது. நெட்பியூயி தெருவைத் தாண்டிப் போகத் தெரியாத மொழி. ஆகவே வெளியாருக்கு அது எட்டவே எட்டாது. விண்டோஸ் எக்ஸ்.பி. தொட்டு மைக்ரோசாஃப்ட் அதற்கு ஆதரவு தருவதை நிறுத்திவிட்டது.

காவாதவர் பட்ட பாட்டையும் உலகம் கண்டது. 2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்ற புழு பரவிற்று. எவரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை. திருத்தம் செய்யப்படாத விண்டோஸ் 2000, எக்ஸ்.பி. கணினி இணையத்தில் இணைந்திருந்தாலே போதும். மெதுவான தொலைபேசி இணைப்பும் அதற்குத் தடையன்று. ‘இக்கணினி 60 விநாடியில் நிறுத்தப்படும்’ என்ற அறிவிப்புத் தோன்றி எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். ஒரு கணினியில் புகுந்த புழு, கம்பிவழி அதன் அண்டைக் கணினிகளையும் தேடிச் சென்றது. இதற்குப் பின்னர்தான், 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்.பி. இரண்டாம் சர்வீஸ் பேக்கில், காப்பரண் கேட்காமலேயே இயங்கும்படி வைக்கப்பட்டது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய ‘வான்னாக்ரை’யோ கோப்புப் பகிர்வின் வழியையே தனக்கு வழியாகக் கொண்டது, கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. எனவே சகோதரியின் அச்சம் வீண் அச்சமன்று.

தொலைபேசி டயல்-அப் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் 2025 செப்டம்பர் 30 அன்று தன் டயல்-அப் சேவையை நிறுத்திற்று. விண்டோஸ் 11இன் அமைப்புகளில் டயல்-அப் என்ற பக்கம் இன்னும் இருக்கத்தான் செய்கிறது, திறப்பவர்தாம் அரியர். ஆயினும் மோடத்தின் இடத்தில் கைபேசி வந்து அமர்ந்துகொண்டது, அவ்வளவே. கம்பியில் செருகிய கைபேசியை விண்டோஸ் மற்றொரு நெட்வொர்க் கார்டாகவே கருதுகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியாயின் அமைப்புகளில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ என்பதைத் திறந்தால் போதும். ஐபோனாயின் ஆப்பிள் நிறுவனத்தின் மென்பொருளும் கணினியில் இருக்கவேண்டும்.

சகோதரி செய்யவேண்டியது இது. பிடுங்க வேண்டாம், இரண்டும் செருகியே இருக்கட்டும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் ‘என்சிபிஏ’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும், ஒரு புள்ளியையும், ‘சிபிஎல்’ என்ற மூன்று எழுத்துகளையும் தட்டினால், இணைப்புகள் அனைத்தும் ஒரே சாளரத்தில் வரிசையாகத் தோன்றும். வீட்டுக் கம்பிக்குரிய ஈதர்நெட்டை வலப்புறம் அழுத்திப் ‘பிராப்பர்டீஸ்’ செல்க. இண்டர்நெட் புரோட்டோகால் நான்காம் பதிப்பைத் தேர்ந்து, மீண்டும் பிராப்பர்டீஸ், பிறகு ‘அட்வான்ஸ்டு’. அடியில் ‘ஆட்டோமேட்டிக் மெட்ரிக்’ என்ற கட்டத்தில் குறியை எடுத்துவிட்டு 100 என்று எழுதுக. இதையே ஆறாம் பதிப்புக்கும் செய்க. கைபேசி நிறுவனங்கள் பல அதையும் தருவதால், ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் சில பக்கங்கள் திறந்தும் சில திறவாமலும் போகும்.

கைபேசியின் எண்ணைக் குறைக்காமல் கம்பியின் எண்ணை ஏன் கூட்டச் சொல்கிறேன் என்று கேட்கலாம். கைபேசி மாறும், இன்று மகளுடையது, நாளை மருமகனுடையது. ஒவ்வொன்றும் புதிய கார்டாக வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் எழுதவேண்டியிருக்கும். கம்பியின் கார்டோ இடம் மாறாது. அதன் எண் 100 என்றிருந்தால், எந்தக் கைபேசி வந்தாலும் அதற்கே இணையத்தில் முன்னுரிமை. அச்சுப்பொறிக்கும் மற்றக் கணினிக்கும் இதனால் இடையூறு இல்லை; அவை ஒரே தெருவில் இருப்பதால் குறிப்பான வரி முந்திக்கொள்ளும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்க: கைபேசி தரும் முகவரியும் வீட்டு முகவரியும் ஒரே தெருவாக இருக்கலாகாது. ஐபோன் 172.20.10 என்று தொடங்கும் முகவரி தருகிறது. அது வீட்டு ரூட்டர்களின் 192.168 வரிசையோடு மோதுவதில்லை. மோதுவதாகத் தெரிந்தால் ரூட்டரின் முகவரியை மாற்றிக்கொள்வதே வழி. ஆப்பிள் மேக் கணினியில் இவ்வளவு சுற்று இல்லை. நெட்வொர்க் அமைப்பில் ‘சர்வீஸ் ஆர்டர்’ என்பதில் கைபேசியை மேலே இழுத்து வைத்தால் முடிந்தது.

அடுத்து, கைபேசி இணைப்பைப் ‘பப்ளிக்’ என்றும் வீட்டுக் கம்பியைப் ‘பிரைவேட்’ என்றும் குறித்துவைக்க வேண்டும். அமைப்புகளில் நெட்வொர்க் பகுதியில் ஒவ்வோர் இணைப்பையும் திறந்தால் இத்தேர்வு கிடைக்கும். பப்ளிக் எனக் குறித்த வாசலில் கோப்புப் பகிர்வைக் காப்பரண் அடைத்துவிடும். பிரைவேட் வாசலில் திறந்து விடும். அன்று பிணைப்பை நீக்கியவர்கள் செய்த அதே வேலைதான் இது. பெயர் மட்டுமே வேறு. பகிர்வதும் முழு வட்டாக இராமல், விண்ணப்பத்திற்கென்று ஒதுக்கிய ஒரே கோப்புறையாக இருக்கட்டும். கடவுச்சொல் கேட்கும்படி அமைக்கட்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்ட சீட்டு வந்தபின், பெற்றோரைக் கேட்டுக்கொண்டு அந்நகல்களை அழித்துவிடட்டும். ஆதார் நகலை ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் கடைகளைக் கண்டிருக்கிறேன். அவ்வழக்கம் நமக்கு வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. ‘கைபேசியின் இணையத்தை மற்றக் கணினிக்கும் பகிர்ந்துவிடு’ என்று யாரேனும் அறிவுரை கூறக்கூடும். 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்து ‘இண்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங்’ என்ற வசதி உண்டு. ஒரு மோடத்தை அலுவலகம் முழுவதும் பங்கிட்டுக்கொள்ள அது பேருதவியாக இருந்தது. ஆனால் அதை இயக்கியவுடன் கணினி தானே ஒரு ரூட்டராக மாறித் தன் கம்பி முகவரியை மாற்றிக்கொள்ளும். அன்று 192.168.0.1; இன்று 192.168.137.1. ஏற்கெனவே ஒரு ரூட்டர் இருக்கும் வீட்டில் அச்சுப்பொறி பழைய தெருவிலேயே நின்றுவிடக் கணினி மட்டும் புதுத்தெருவுக்குக் குடிபோய்விடும். கடைசி நாளன்று, அதுவும் இரவில், இதைத் தொடாதிருப்பது உத்தமம். மற்றக் கணினிக்கும் இணையம் வேண்டுமெனில், அதில் வை-ஃபை இருக்குமாயின் கைபேசியை ஹாட்ஸ்பாட்டாக வைத்து அதனோடு நேரே இணைக்கலாம்.

கைபேசி இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்துவைப்பதும் நல்லது. இல்லையேல் விண்டோஸ் தன் திருத்தங்களையெல்லாம் அந்நேரம் பார்த்து இறக்கத் தொடங்கி, நாளைக்குரிய டேட்டாவை விழுங்கிவிடும். பிராட்பேண்ட் திரும்பியபின் எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. கைபேசியைக் கழற்றியவுடன் அதன் வரி அட்டவணையிலிருந்து தானே நீங்கிவிடும். எஞ்சியிருப்பது கம்பியின் வரி ஒன்றே ஆதலால், எண் 100 ஆனாலும் கணினி அதையே கொள்ளும்.